ஆமை புகுந்த வீடு

“ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது” என்பது நம்மவர் நாவில் நெடுங்காலமாய்ப் பழகி வரும் மொழி. அமீனா என்பான் நீதிமன்றக் கட்டளையுடன் வந்து, கடன்பட்டார் வீட்டுத் தட்டுமுட்டுச் சாமான்களை ஜப்தி செய்வோன். அவன் புகுந்த வீடு நலிவடையும் என்பதற்குக் காரணம் கேட்பாரில்லை. ஆயின், ஆமை செய்த குற்றம் யாது? இவ்வினாவிற்கு விடை காணமாட்டாத சிலர், “அஃது ஆமையன்று; ஆம்பி என்னும் காளானே. ஈரம் ஏறிக் காளான் பூத்த வீடு இடிந்து விழும் என்பதே அதன் பொருள்” என்பர். வேறு சிலர், கல்லாமை, முயலாமை, பொறாமை என்னும் ஆமைகளே ஈண்டுக் கூறப்பட்டன என்பர். எவ்வுரை மெய்யாயினும் ஆகுக. எம் வீட்டில் புகுந்தது காளானுமன்று, பொறாமையுமன்று. நான்கு காலும் ஓர் ஓடும் உடைய மெய்யான ஆமையே. அதனால் வீடு கெட்டதா, அன்றி வீட்டினால் ஆமை கெட்டதா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

யான் பேராக் ஆறு கடலொடு கலக்கும் பாகான் டத்தோ வட்டாரத்தில், ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதிப் பிழைக்கும் கிராணி. மூன்றாண்டுகளுக்கு முன், அப்பொழுது ஏழு வயதினளாயிருந்த என் மகள், ஓர் இரவுச் சந்தையில் ஆமைக்குஞ்சு ஒன்றைக் கண்டு, அதை வாங்கித் தந்தாலன்றி நகரேன் என்று நின்றுவிட்டாள். ஐம்பது காசு நாணயத்தினும் சற்றே பெரிய பச்சை ஓடு. செவியோரத்தில் செந்நிறக் கீற்று. அதனொடு ஒரு பிளாஸ்டிக் கிண்ணமும் கொடுத்தார்கள். கிண்ணத்தின் நடுவே ஒரு சிறு தீவு. தீவின்மேல் ஒரு பிளாஸ்டிக் தென்னைமரம். தென்னைக்குப் பேர்பெற்ற எங்கள் வட்டாரத்தில் பொய்த் தென்னையைக் காசு கொடுத்து வாங்கி வந்த முதல் ஆள் யானாகவே இருத்தல் கூடும்.

என் தாயார் வாயிற்படியிலேயே தடுத்தார். “வேண்டாம் ஐயா, அது வந்த வீடு விளங்காது” என்றார். மூடநம்பிக்கை என்று சொல்லி அவர் வாயை அடக்கினேன். நான்காம் மாதம் குஞ்சின் கண்ணிமைகள் வீங்கின; ஓடு நனைந்த அட்டையைப் போல் விரலுக்கு இளகிற்று; ஒரு நாட்காலையில் அது செத்து மிதந்தது. “பீடை ஒழிந்தது” என்றார் தாயார். “அப்பா, அது ஏன் செத்தது?” என்றாள் மகள். மூடநம்பிக்கையை இகழ்ந்த எனக்கு, அதனினும் நல்ல விடை ஒன்றும் கூறத் தெரியவில்லை. கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்திலேயே பயின்று தேர்ந்தவன் யான். எனினும் ஒரு கிண்ணத்து நீரின் இயல்பை அறிந்தேனில்லை. அன்று தொடங்கிய விசாரணையே ஈண்டு வரலாறாக விரிகின்றது.

நீரின் வரலாறு

கண்ணாடித் தொட்டியில் நீர்வாழ் உயிர்களை வைத்துக் காக்கும் கலை மிகப் பழையதன்று. 1850இல் இராபர்ட் வாரிங்டன் என்னும் ஆங்கில வேதியியலார், மீனும் நீர்ப்பாசியும் நத்தையும் ஒரு கலத்தில் ஒன்றையொன்று தாங்கி நெடுநாள் வாழ்ந்தமையை லண்டன் வேதியியற் கழகத்தாருக்கு எடுத்துரைத்தார். 1853இல் லண்டன் விலங்குச்சாலையில் பொதுமக்கள் கண்டு களிக்க மீனில்லம் திறக்கப்பட்டது. அதற்கு உழைத்தவருள் ஒருவராகிய பிலிப் ஹென்றி காஸ் மறு ஆண்டில் வெளியிட்ட நூலால் ‘அக்குவேரியம்’ என்னும் சொல் உலகெங்கும் பரவிற்று. செல்வர் வீடுகளில் கண்ணாடித் தொட்டி வைப்பது ஒரு மோகமாயிற்று. ஆயின், பெரும்பாலான தொட்டிகளில் நீர் நாறிற்று, உயிர்கள் மாண்டன. காரணம் உடனே விளங்கவில்லை.

காரணத்தை விளக்கியவர் ருஷிய அறிஞர் செர்கேய் வினோகிராட்ஸ்கி. நீர்வாழ் உயிரின் கழிவிலிருந்து எழும் அம்மோனியா கொடிய நஞ்சு. அதனை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டைத் தீமை குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுவன கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் என்பதை அவர் 1890ஆம் ஆண்டளவில் மெய்ப்பித்தார். இந்நுண்ணுயிர்கள் வடிகட்டியின் பஞ்சிலும், கூழாங்கல்லின்மேலும், கண்ணாடியின் வழவழப்பிலும் குடியிருப்பன. அவை போதிய அளவு பெருகச் சில வாரங்கள் ஆகும். பள்ளியில் இச்சுழற்சியைப் படமாக வரைந்து மதிப்பெண் பெற்றவன் யான். எனினும் என் வீட்டுக் கிண்ணத்தில் வடிகட்டியுமில்லை, கல்லுமில்லை. நீர் மங்கியபோதெல்லாம் குழாயடியில் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவினேன். தூய்மை செய்வதாக எண்ணி, தூய்மை செய்வோரையே ஒழித்தேன் என்பதை இப்பொழுதன்றோ உணர்கிறேன்!

“ஆமை மீனன்றே, அது தலையை நீட்டிக் காற்றை உட்கொள்வது. நீர் அழுக்காயின் அதற்கென்ன?” என்று கேட்பார் உளர். மூச்சு காற்றினதேயாயினும், கண்ணும் தோலும் ஓடும் நாள் முழுதும் நீரிலன்றோ கிடக்கின்றன? அழுக்கு நீர் கண்ணை உறுத்தும். ஓட்டை அழுகச் செய்யும். அன்றியும், ஆமை மீனினும் மிகுதியாக உண்டு மிகுதியாகக் கழிப்பது. ஆகவே, மீனுக்குப் போதும் தொட்டி ஆமைக்குப் போதாது.

ஒளியின் வரலாறு

குஞ்சின் ஓடு இளகியதற்கு நீர் மட்டும் காரணமன்று. முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் பெர்லின் நகரத்துக் குழந்தைகள் பலர் என்பு வளையும் நோயால் வருந்தினர். 1919இல் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்னும் மருத்துவர், பாதரச விளக்கின் புற ஊதா ஒளியை அக்குழந்தைகள் மேல் படச் செய்து அந்நோயைத் தீர்த்துக் காட்டினார். அவ்வொளி படும் உடலில் டி உயிர்ச்சத்து உண்டாகிறது. அச்சத்து இல்லையேல் உண்ட சுண்ணாம்புச் சத்து என்பில் சேராது என்னும் உண்மை பின்னர்த் தெளிவாயிற்று.

ஆமையின் ஓடும் என்பே; அதன் விலாவும் முதுகெலும்புமே பரந்து ஓடாயின. வெயில் காயாத ஆமைக்கும் வெயில் காணாத குழந்தைக்கும் வரும் நோய் ஒன்றே. யான் கிண்ணத்தைச் சன்னற் கண்ணாடியின் அருகில் வைத்து, ஒளி வருகிறதென்று மகிழ்ந்திருந்தேன். கண்ணாடி வெளிச்சத்தை உள்ளே விடும்; வேண்டிய அந்தக் கதிரையோ பெரும்பாலும் தடுத்துவிடும். வெயிலுக்குப் பஞ்சமில்லாத நாட்டில், வெயிலில்லாக் குறையால் ஓர் உயிர் மாண்டது. கண் வீங்கியதும் அறியாமையின் பயனே. காய்ந்த இறால் ஒன்றையே நாள்தோறும் கொடுத்து வந்தோம். ஏ உயிர்ச்சத்துக் குறைந்தால் ஆமைக்கு இமை வீங்கும்.

வாணிபத்தின் வரலாறு

இனி, இக்குஞ்சு எங்கிருந்து வந்தது என்பதைக் காண்போம். செவியோரம் சிவந்த இவ்வாமைக்குத் தாயகம் வட அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பள்ளத்தாக்கு. அந்நாட்டு மலிவுவிலைக் கடைகளில் பொம்மையோடு பொம்மையாக இதனை விற்றார்கள். லூசியானா மாநிலத்தில் கோழிப்பண்ணை போல ஆமைப்பண்ணைகள் எழுந்தன. ஆயின், ஆமையின் உடலில் நோயின்றித் தங்கும் சால்மொனெல்லா என்னும் கிருமி குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கைத் தந்தது. 1970களின் தொடக்கத்தில் ஆண்டொன்றுக்கு 2 இலட்சத்து 80 ஆயிரம் பேர் ஆமைகளால் அந்நோயுற்றனர் என்று அந்நாட்டுச் சுகாதாரத் துறையினர் மதிப்பிட்டனர். குழந்தைகள் வாயில் வைக்கக்கூடிய சிற்றாமைகளே பெருந்தீங்கு செய்தமையால், 4 அங்குலத்திற்குக் குறைந்த ஓடுடைய ஆமைகளை விற்றலாகாது என 1975இல் தடை விதிக்கப்பட்டது.

தன் நாட்டுக் குழந்தைகளுக்கு ஆகாதென்று விலக்கிய சரக்கைப் பிறநாட்டுக் குழந்தைகளுக்கு அனுப்புவதைச் சட்டம் தடுக்கவில்லை. பண்ணைகள் கடல்கடந்த சந்தையை நாடின. 1984இல் சித்திரக் கதையாகத் தோன்றிய நிஞ்சா ஆமைகள், 1987 முதல் தொலைக்காட்சியிலும் வலம் வரவே, உலகெங்கும் சிறுவர் ஆமை கேட்டனர். 1989 முதல் 1997 வரை மட்டும் 5 கோடியே 20 இலட்சத்துக்கு மேற்பட்ட ஆமைகள் அமெரிக்காவிலிருந்து ஏற்றுமதியாயின. வளர்ந்த ஆமைகளைப் பொறுக்க மாட்டாதார் அவற்றை ஆற்றிலும் குளத்திலும் எறிந்தனர். 1997இல் ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதியைத் தடுத்தது. 2000இல் வெளியான உலகின் மிகக் கொடிய 100 அயலக உயிர்களின் பட்டியலில் இவ்வாமையும் இடம் பெற்றது. ஜப்பான் நாடு 2023 ஜூன் முதல் இதன் விற்பனையையும், வெளியே விடுதலையும் தடுத்து, வளர்ப்போர் வளர்க்கலாம் என்று மட்டும் இசைவளித்தது. அத்தடையின் கருத்தை ஊன்றி நோக்குக: வாங்கியவன் காக்கக் கடவன், கைகழுவக் கூடாது என்பதே அது.

இரண்டாம் ஆமை

முதற்குஞ்சு மாண்ட மறு ஆண்டு, வேற்றூருக்கு இடமாற்றம் பெற்ற நண்பரொருவர் உள்ளங்கை அளவான தம் ஆமையை எங்களிடம் விட்டுச் சென்றார். இம்முறை கற்ற பின்னரே கைவைத்தேன். அக்கல்வியின் சாரத்தை, ஆமை வளர்க்கும் அன்பர்களுக்குப் பயன்படும் என்று இங்கே குறிக்கிறேன்.

ஓட்டின் நீளம் ஓர் அங்குலத்திற்குச் சுமார் 40 லீட்டர் நீர் என்பது வளர்ப்போர் கைக்கொள்ளும் கணக்கு. பெண்ணாமை 10 அங்குலத்திற்கு மேலும் வளரும். எனவே, 400 லீட்டர் தொட்டிக்கு வீட்டில் இடமில்லாதார் இதனை வாங்குதல் தகாது. உடல் முழுதும் நீரை விட்டேறிக் காய ஒரு மேடை வேண்டும். மேடையின்மேல் வெப்ப விளக்கும் புற ஊதா விளக்கும் தேவை. அன்றேல், நிழலும் உள்ள இடத்தில், கண்ணாடித் தடையின்றி நேர்வெயில் காட்டல் வேண்டும். புற ஊதா விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் சில மாதங்களில் அக்கதிர் குன்றிவிடுமாதலின், விளக்கைக் காலந்தவறாது மாற்றவேண்டும். வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மட்டும் மாற்றி, வடிகட்டிப் பஞ்சைத் தொட்டி நீரிலேயே அலசவேண்டும். குழாய்நீரின் குளோரின் நல்ல நுண்ணுயிர்களைக் கொல்லும். குஞ்சுக்கு நாள்தோறும், வளர்ந்ததற்கு இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை உணவு போதும். ஆமைத் தீனியொடு கங்குங் முதலிய கீரையும், சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடும் கொடுக்கலாம். வேறொரு வாளியில் வைத்து உணவூட்டினால் தொட்டி பாதி அழுக்காகாது. ஆமையைத் தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. சமையலறைத் தொட்டியில் ஆமைப் பாத்திரத்தைக் கழுவற்க. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையுள்ள வீட்டில் ஆமை வேண்டா.

இவ்வாறு காத்தமையால் ஆமை செழித்தது. செழித்ததே புதிய இடராயிற்று. ஓடு ஏழங்குலமாயிற்று, நீர்ச்செலவும் மின்செலவும் ஏறின. “உயிரைக் கொல்ல வேண்டாம், ஆற்றிலே விட்டுவிடு. புண்ணியமுண்டு” என்றார் தாயார். எனக்கும் அது நல்வழியாகவே தோன்றிற்று. உயிரை விடுவித்தல் அறம் என்பது பல சமயத்தார்க்கும் உடன்பாடு. ஈப்போ குனோங் ராப்பாட்டின் சாம் போ தோங் குகைக்கோயிலிலும், பினாங்கின் கெக் லோக் சீ ஆலயத்திலும் ஆமைக்குளங்களைக் கண்டு கீரை ஊட்டாத நம்மவர் சிலரே. சீனர்க்கு ஆமை நீண்ட ஆயுளின் சின்னம். நம்மவர்க்கும் அஃது அயலன்று. திருவள்ளுவர் புலனடக்கத்திற்கு ஆமையை உவமை கூறினார். காஞ்சியில் திருமால் ஆமையுருவில் சிவனை வழிபட்ட தலமெனக் கச்சபேசுவரர் கோயில் விளங்குகின்றது. கோயிலில் வணங்கி வீட்டில் வெறுக்கும் நம் இரட்டை வழக்கை எண்ணிச் சிரித்தவாறே, ஒரு ஞாயிறு மாலை ஆமையை வாளியிலிட்டுப் படகுத்துறைக்குச் சென்றேன்.

ஆற்றின் வரலாறு

துறையில் நின்றபொழுது, யான் படித்திருந்த மற்றொன்று நினைவுக்கு வந்தது. இவ்வாற்றுக்கு உரிய ஆமை ஒன்று உண்டு. மலாய் மொழியில் அதற்குத் துந்தோங் என்று பெயர். முட்டையிட்டு மூடிய மணலைத் தாயாமை தன் அடியோட்டால் இடித்து இறுக்கும் ஓசையே பெயராயிற்று என்பர். ஓடு இரண்டடி நீளம் வளரும். டேனிய மருத்துவர் தியோடர் காண்டர் 1847இல் பினாங்கிலிருந்து கிடைத்ததைக் கொண்டு இவ்வினத்தை அறிவியலார்க்கு அறிமுகம் செய்தார். ஆறும் கடலும் கலக்கும் எங்கள் பகுதி போன்ற உவர்நீர்க் கழிமுகமே இதன் வாழிடம். அலையாத்திக் காட்டின் இலையும் கனியும் இதன் உணவு. முட்டையிடும் பருவத்தில் பல பத்து மைல் ஆற்றை எதிர்நீந்திப் போத்தா முதலிய இடங்களின் மணற்றிட்டுகளுக்குச் செல்லும்.

முன்னாளில் துந்தோங் பேராக் சுல்தான்களின் உரிமைப்பொருள். முட்டை எடுப்பது அரச இசைவுக்குட்பட்டது. மலாய் மக்கள் முட்டையை உண்டனர், ஊனை உண்டிலர். ஆதலின் தாயாமைகள் பிழைத்தன. இரண்டாம் உலகப் போருக்கு முன், இவ்வாற்றில் ஆண்டுதோறும் 5 இலட்சத்துக்கு மேற்பட்ட முட்டைகள் எடுக்கப்பட்டன என்பது ஒரு மதிப்பீடு. பின் ஜப்பானியர் ஆட்சி வந்தது. நம் முன்னோர் சயாம் மரண இரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட அப்பஞ்ச காலத்திலே பழைய கட்டுப்பாடுகள் குலைந்து, ஆமைகளே ஊனுக்காகக் கொல்லப்பட்டன. 1970களில் அமெரிக்கப் பேராசிரியர் எட்வர்ட் மோல் இவ்வாற்றை ஆராய்ந்தபொழுது, முட்டைத்தொகை சில பதினாயிரங்களாகச் சுருங்கியிருந்தது. 1930இல் எழுந்த செண்டரோ முதலிய அணைகள் ஆற்றின் போக்கை மாற்றின. மணல் வாருவோர் முட்டையிடும் கரைகளைக் குலைத்தனர். 1960களின் பிற்பகுதி முதல் போத்தா கானானில் வனவிலங்குத் துறையினர் முட்டைகளைப் பொரிக்கச் செய்து குஞ்சுகளை ஆற்றில் விட்டு வருகின்றனர். எனினும் துந்தோங் மிகக் கடுமையான அழிவுநிலையில் உள்ளதென்றே உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் கணித்துள்ளது.

அணையிலும் பஞ்சத்திலும் மணற்கொள்ளையிலும் தப்பிய சில உயிர்கள் கிடக்கும் ஆறு அது. அதில் என் வாளியிலுள்ளதை விடுவதற்கு எனக்கு யார் உரிமை தந்தார்? உவர்நீரில் என் ஆமை சாகலாம். அன்றி, மேலே நீந்திச் சென்று நன்னீர்க் குளங்களிற் பிழைத்து, நாட்டு ஆமைகளின் உணவையும் வெயில்காயும் இடத்தையும் பறிக்கலாம். தொட்டி நோயைப் பரப்பலாம். சாவுமின்றித் தீங்குமின்றி முடியும் வழி எதுவும் தோன்றவில்லை. எனக்குப் புண்ணியம் வேண்டி ஆற்றுக்குப் பாவம் சேர்ப்பது அறமாகுமோ? வாளியைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பினேன். தாயார் ஒன்றும் கேட்கவில்லை. சிறிது நேரங்கழித்துக் கொல்லையிலிருந்து கங்குங் பறித்து வந்து மேசைமேல் வைத்தார்.

அன்பர்களே! ஆமை வாங்காதிருப்பதே பலருக்கும் நன்று. நாட்டு ஆமைகளைப் பிடித்து வந்து வளர்த்தல் அறவே கூடாது. வாங்கிவிட்டவரோ, வளர்க்க இயலாதபோது பொறுப்புள்ள வேறொருவர் கையில் ஒப்படைக்கலாமேயன்றி, ஆற்றிலோ கோயிற் குளத்திலோ விடலாகாது. நன்கு காத்தால் இவ்வாமை முப்பது ஆண்டும் அதற்கு மேலும் வாழும்.

கணக்கெழுதுவோன் ஆதலின், தொட்டிக்கும் ஓர் ஏடு வைத்திருக்கிறேன். நீர் மாற்றிய நாள், விளக்கு மாற்றிய நாள், ஓட்டின் அளவு ஆகியவற்றை இப்பொழுது என் மகளே எழுதி வருகிறாள். சென்ற வாரம் அவள் ஏட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கூட்டல் போட்டு, ஆமைக்கு முப்பது வயதாகும்போது தனக்கு எத்தனை வயதிருக்கும் என்று கணித்திருந்தாள். அதன் கீழே, “அப்பொழுதும் நானே பார்த்துக்கொள்வேன்” என்று எழுதிக் கையொப்பமும் இட்டிருந்தாள். அக்கடன் அவளுடையது அன்று. வாங்கிக் கொடுத்த என்னுடையது. ஆயினும் அவ்வரியை யான் அடிக்கவில்லை.